பவளம் சொன்னால் கணக்கில்லை

இருக்கிற பிரிவுகள் போதாதென்று, பல் பிடுங்கியவர்கள் பிடுங்காதவர்கள் என்று எங்கள் சங்குமுனை இரண்டாகப் பிரிந்து நின்ற வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் முதலில் ஜெபக்கனியின் பேரைத்தான் சொல்வோம், ஏனென்றால் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம். ஜெபக்கனி, டாக்டர் எபனேசரின் பல் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக வேலை பார்ப்பவள். டோக்கன் கொடுப்பதும் அவள், வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவதும் அவள், பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்வதும் அவள், ஆஸ்பத்திரி முன்னறையில் சுவரோடு சுவராக எட்டடி நீளத்துக்கு இருந்த கடல் தொட்டியைப் பராமரிப்பதும் அவள்தான்.

தொட்டி டாக்டருடைய ஆசை. கூப்பிடு தூரத்தில் ஒரு கடல் சும்மா கிடக்க, கண்ணாடிக்குள் இன்னொரு கடல் வைத்துக்கொண்ட மனுஷர் அவர். ஊரைச் சுற்றி உப்பளம், மழை நாள் போக மற்ற நாளெல்லாம் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும், ஆனால் தொட்டிக்கு வேண்டிய உப்பு, மூடியில் மீன் படம் போட்ட வாளியில் அடைத்துக் கப்பலில் வந்தது. எங்கள் கடலில் பவளத்தைத் தொட்டால் ஜெயில், கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்லைப் பொறுக்கினாலும் ஜெயில், ஆகவே பவளமும் ஏதோ ஒரு தீவில் பண்ணை வைத்தவனிடமிருந்து காகிதத்துக்கு மேல் காகிதமாக முத்திரை வாங்கிக்கொண்டு விமானத்தில் வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று கேட்பார்கள், எங்கள் டாக்டர் கொல்லன் தெருவில் குடியிருந்துகொண்டு ஊசி வேண்டும் என்று சீமைக்கு எழுதிப் போட்டவர்.

பவளம் பார்க்கத்தான் கல், உள்ளே அது உயிர். அதற்கு எலும்பு வளர வேண்டும், எலும்பு வளரக் கால்சியம் வேண்டும். அதற்காகத் தொட்டிக்கு அடியில் மரப்பெட்டிக்குள் கால்சியம் ரியாக்டர் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பேரைக் கேட்டதும் எங்களில் சிலர் அணு உலை என்று நினைத்து மனு எழுதிக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தோம். உள்ளே இருந்தது முழங்கை உயரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய் நிறையச் செத்த பவளத்தின் கல், கல்லின் ஊடாகக் குமிழ் குமிழாகப் போகும் சோடாக் காற்று, அவ்வளவுதான். காற்று கலந்த தண்ணீர் புளித்துப்போய்க் கல்லைக் கரைக்கும், கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும், உயிரோடு இருக்கிற பவளம் அதைக் குடித்துத் தன் எலும்பை வளர்த்துக்கொள்ளும். செத்தவர்களைக் கரைத்துக் குடித்து இருக்கிறவர்கள் வளர்வது எங்கள் குடும்பங்களிலும் நடப்பதுதான் என்பதால் எங்களுக்கு அதில் புரியாதது ஒன்றும் இல்லை.

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்ததும், சாமி படத்தைக் கூடப் பார்க்காமல், ஜெபக்கனி மரப்பெட்டியின் முன்னால் குத்தவைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குமிழ் எண்ணுவாள். நிமிஷத்துக்கு முப்பது குமிழ், நாற்பது சொட்டு. குமிழ் கூடினால் தண்ணீர் புளித்துப் பவளத்தின் தோல் உரியும், குறைந்தால் வளர்ச்சி நின்றுபோகும். சொட்டு விழும் வாயில் சுண்ணாம்பு அடைத்தால் ஊசியால் குத்திவிட வேண்டும், புளிப்புப் பார்க்கும் கம்பியை மாதம் ஒருமுறை வினிகரில் கழுவ வேண்டும், காற்று சிலிண்டர் தீர்ந்தால் சோடாக் கம்பெனி ஆவுடையப்பனுக்குச் சொல்லிவிட வேண்டும். கோலி சோடாவுக்கு அடைக்கிற அதே காற்றைத்தான் அவர் பவளத்துக்கும் அடைத்துக் கொடுத்தார், பவளம் ஏப்பம் விடுகிறதா என்று மாதாமாதம் கேட்கவும் செய்தார்.

சாயங்காலம் கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியின் முன் உட்காருவார். நடுவில் இருந்த சிவப்புப் பவளம்தான் அவருக்குச் செல்லம். என்னா செவப்பு பாத்தியா ஜெபா என்பார். ஆமா டாக்டர் என்பாள் அவள். ஒரு கோடையில் மின்சாரம் நின்று நின்று வந்ததில் அந்தப் பவளம் நாலே நாளில் வெளுத்துச் செத்து, வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. அன்று சாயங்காலமும் டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என்னா செவப்பு பாத்தியா ஜெபா என்றார். ஆமா டாக்டர் என்றாள்.

அன்றிலிருந்து அவள் கவனித்தாள். அவர் பல்லைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் தடவிப் பார்க்கிறார். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, நீ சொல்லு சிஸ்டர், படிச்சுக்கிட வேண்டாமா என்று கேட்கிறார். ஜெபக்கனி பிளஸ் டூ வரைக்கும் படித்தவள், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவளுக்கு ஊர் வைக்கிற பேர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நர்ஸ் படிப்புப் படிக்காத அவளை நாலு பேர் முன்னால் சிஸ்டர் என்று கூப்பிட்ட ஒரே மனுஷர் அவர். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது. ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்: பிடுங்க வேண்டிய பல்லின் ஈறில், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தடவி வைத்தாள். பெரிய பொட்டாக வைத்தால் அது மட்டும் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது. இது என்ன என்று அவரும் கேட்கவில்லை, இதற்குத்தான் என்று அவளும் சொல்லவில்லை.

அப்படி ஒரு ஆறு மாதம் போனபோது அவளுக்கே பல்வலி வந்தது. தன் வாய்க்குள் தானே கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்க வரவில்லை, வைத்தது எச்சிலில் கரைந்துவிட்டது. குறடு பக்கத்து நல்ல பல்லில் போய் உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள். அது இல்ல டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பல் போயிற்று, சொத்தைப் பல்லோடு மூன்று மாதம் கிடந்து, லீவு சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய் அதையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள். முதலில் பிடுங்கிய நல்ல பல், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாகப் பிடுங்கிய பற்களோடு சேர்ந்து, அலமாரியில் வரிசையாக இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஒன்றுக்குள் போயிற்று. பல் காலேஜ் பிள்ளைகள் வந்து கேட்டால் கொடுப்பதற்காக டாக்டர் எதையும் எறிவதில்லை.

இவ்வளவும் எங்களுக்குப் பின்னால் தெரிந்ததுதான். எங்களுக்குத் தெரிந்து கதை தொடங்கியது ரியாக்டரில் கல் தீர்ந்துபோன அன்று. தொட்டி வைத்துக்கொடுத்த சென்னைக் கொளத்தூர் ரமணனுக்கு ஜெபக்கனி போன் போட்டாள், கல் துறைமுகத்தில் நிற்கிறது, காகிதம் ஒன்று குறைகிறது, ஒரு மாதம் ஆகும் என்றான் அவன். ஒரு மாதம் என்றால் தொட்டியில் மிச்சம் இருக்கிறதும் வெளுத்துவிடும். கடற்கரையில் கல் கிடந்தது, ஜெயிலும் கிடந்தது. யோசித்துக்கொண்டே அவள் உள்ளே பார்த்தபோது டாக்டர் யாரோ ஒரு அம்மாளிடம், பல்லுன்னா என்னம்மா, எல்லாம் கால்சியம்தான் என்று, முப்பது வருஷமாகச் சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபக்கனி பாட்டில்களை இறக்கினாள். பற்களைக் கொட்டிக் கழுவி, வென்னீரில் கொதிக்கவைத்து, மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுவது போல் துணி விரித்துக் காயப்போட்டு, குழாய் நிறைய அள்ளிப் போட்டு, முப்பது குமிழ் நாற்பது சொட்டு வைத்துவிட்டு டோக்கன் கொடுக்கப் போய்விட்டாள்.

பதினோராம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு, முன்னறையில் ஏழு பேர் உட்கார்ந்திருக்க, தொட்டியின் இடது மூலையில் புதிதாக விட்டிருந்த ஒரு பவளக் கிளை லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, சந்தனமாரி டீச்சரின் குரலில், "குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றது. டீச்சரின் மாமியார் அங்கேதான் பல்செட் அளவு கொடுக்க உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் யோசித்துவிட்டு அவர் எந்தக் குழம்பு என்று கேட்டார். நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பவளம் எப்படிப் பேசுகிறது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அது புளிக்குழம்பா மீன் குழம்பா என்பது பற்றி ஒரு வாரம் பேசினோம்.

அடுத்து ரிட்டயர்டு தாசில்தாரின் குரலில் ஒரு கிளை, எனக்கும் அது புரியல சார் என்றது. முப்பத்திரண்டு வருஷம் எல்லாக் கோப்பிலும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவர் அவர். பதறி ஓடி வந்தவர், மரப்பெட்டிக் கதவு திறந்திருந்தபோது, வெள்ளி அடைத்த தன் கடைவாய்ப் பல் கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. எந்தப் பல்லால் எதைக் கடித்து அடக்கினோமோ, அந்தப் பல் கரைந்து கிளையானதும் அதைச் சொல்லிவிடுகிறது என்று நாங்களாகவே கணக்குப் போட்டுக்கொண்டோம். ஜெபக்கனி டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை, கால்சியம் கால்சியம்தானே என்றார். கொளத்தூர் ரமணன் மட்டும் தொட்டிப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, கண்ட கல்லைப் போட்டால் இந்நேரம் பாசி பிடித்துத் தொட்டி பச்சையாகப் போயிருக்க வேண்டுமே, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எந்தக் கம்பெனிக் கல் போட்டீர்கள் என்று கேட்டான். ஊர்ச் சரக்கு என்றாள் ஜெபக்கனி.

முதல் இரண்டு மாதம் ஊர் ஊராக இல்லை. முப்பது வருஷத்துப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. ஒரே படகில் போகும் அண்ணன் தம்பிகளில் தம்பியின் குரல், அண்ணனுக்கு வலை வீசத் தெரியாது என்றது, மறுநாள் படகு கரையிலேயே நின்றது. எந்தச் சாவு வீட்டிலும் முதலில் போய் நின்று பந்தல் போடுகிறவரின் குரல், எனக்குப் பந்தி சாப்பாடு பிடிக்கும் என்றது. பெண் பார்க்கப் போனால், பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எபனேசர் டாக்டரிடம் எத்தனை பல் பிடுங்கினீர்கள் என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு பல்லும் வாயில் இருக்கிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்தார்கள், பல் பிடுங்கியவர்கள் எந்த நேரம் தன் கிளை வாய் திறக்குமோ என்று முன்னறை பெஞ்சிலேயே காவல் கிடந்தார்கள்.

பொறுக்க மாட்டாமல் ஊர்க் கமிட்டி கூடியது. தொட்டியை உடைக்கலாம் என்று ஒரு கட்சி, அதெப்படி உடைப்பது, என் தங்கச்சி வீட்டுக்காரர் பல் இன்னும் பேசவில்லையே என்று இன்னொரு கட்சி. கடைசியில், எதையும் முடிவு செய்யாமல் முடிவு செய்வதில் எங்களுக்கு இருக்கும் தேர்ச்சியால், ஒரே வரியில் தீர்ப்பு எழுதினோம்: பவளம் சொன்னால் கணக்கில்லை. பவளம் சொன்னதை வைத்து யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது, சொன்னவர் இல்லை என்று மறுக்கவும் வேண்டியதில்லை, கேட்டவர் பவளம்தானே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். மறுநாள் அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போனார்கள்.

தீர்ப்பு வந்த பிறகுதான் கூட்டம் வந்தது. சொன்னாலும் கணக்கில்லை என்று ஆனதும் எல்லோருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. மருமகள்கள் வந்தார்கள், மாமியார்கள் வந்தார்கள், மேனேஜரிடம் சொல்ல வேண்டியது இருக்கிற பேங்க் கிளார்க் வந்தார், மேனேஜரும் வந்தார். வலியும் இல்லை சொத்தையும் இல்லை, ஏதாவது ஒரு பல்லைப் பிடுங்கிக் குழாயில் போடுங்கள் டாக்டர் என்றார்கள். நேரில் சொன்னால் வீடு இரண்டாகும், பவளம் சொன்னால் மனதும் ஆறும், ராத்திரிச் சோறும் கிடைக்கும். சொல்ல வேண்டியவரைப் பல் சுத்தம் செய்யக் கூட்டிவருவது போல் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தன் கிளை பேசும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பது ஒரு மரியாதையாகவே வளர்ந்தது. நாலைந்து மாதத்தில் கேட்கிறவர்கள் காது கொடுப்பதும் நின்றுபோயிற்று. கோயில் குழாய் ரேடியோ போல அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், நாங்கள் அதன் கீழே உட்கார்ந்து விலைவாசி பேசிக்கொண்டிருப்போம்.

அந்த மாதங்களில் டாக்டர் எபனேசர் போல் சந்தோஷமான மனுஷர் ஊரில் கிடையாது. எந்தப் பல்லானாலும் சரி என்று வருகிறவர்களிடம் தப்பான பல் என்று ஒன்று இல்லை. குறடு எதில் உட்கார்ந்தாலும் அதுதான் சரியான பல். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே பிடுங்கினார், ஜெபக்கனியும் ஊதாப் பொட்டு வைப்பதை விட்டுவிட்டாள்.

ஆனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் செத்த சிவப்புப் பவளத்தின் வெள்ளை எலும்பில் ஒரு மொட்டு விட்டிருந்தது. கிளைகள் பேசுவதற்கு நாலைந்து நாள் முன்னாலிருந்தே தொண்டையைச் செருமும். இந்த மொட்டு செருமிய விதம் அவளுக்குத் தெரிந்த விதம். டாக்டர் என்று கூப்பிடுவதற்கு முன்னால் இரண்டு தரம் சின்னதாகச் செருமுவது அவளுடைய பழக்கம். அது என்ன சொல்லப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கணக்கில்லை என்ற தீர்ப்பு ஊருக்குத்தான், டாக்டருக்கு இல்லை என்று அவள் நினைத்தாள். கண் தெரியாது என்று அந்தக் குரலில் ஒரு தரம் காதில் விழுந்துவிட்டால் அவர் குறட்டைக் கீழே வைத்துவிடுவார், வைத்துவிட்டு அவளைத்தான் கேட்பார், இத்தனை நாள் ஏன் என்னை முட்டாளாக்கினாய் என்று. வேலை போனால் போகட்டும், உப்பளத்தில் அள்ளக் கூடை இருக்கிறது. அவள் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

அவள் கையில்தான் குமிழ் இருந்தது. முப்பதை இருபதாக்கினாள். மொட்டு செருமுவது கொஞ்சம் குறைந்தது. இருபதைப் பன்னிரண்டாக்கினாள், பன்னிரண்டை எட்டாக்கினாள். தொட்டியில் எல்லாக் கிளையும் வளர்ச்சி நின்று, வாக்கியத்தின் பாதியில் நிறுத்திக்கொண்டது போல் முன்னறை அமைதியானது.

ஊர் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பல் பிடுங்கி ஒரு மாதமாகியும் பேச்சு வரவில்லை என்று புகார் போனது. நிறையப் பேர் நல்ல பல்லைக் கொடுத்திருந்தார்கள். சோடாக் கம்பெனி ஆவுடையப்பன், மாதம் ஒன்று தீரும் சிலிண்டர் மூன்று மாதமாகியும் பாதி இருக்கிறதே என்று ஊர்க் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னார், அவருடைய பல்லும் உள்ளே இருந்தது, அவர் மச்சினனுக்காக. வார்டு மெம்பர் சொர்ணத்தாய் ஒரு வெள்ளிக்கிழமை காலை நாலு பேரோடு வந்து, மரப்பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே எண்ணினார்.

"எட்டுதான் வருது. என்ன ஜெபா இது, ஊர்ச் சொத்துல்லா" என்றார்.

கூடினால் தண்ணீர் புளித்துவிடும், பவளத்தின் தோல் உரியும் என்று ஜெபக்கனி சொல்லிப் பார்த்தாள். இத்தனை பேர் வாய்க்குள் புளித்துக் கிடந்ததற்கு இது ஒன்றும் பெரிசில்லை, அறுபது வை என்றார் மெம்பர். ஜெபக்கனி திருகைத் திருகினாள். அறுபது குமிழ், நாலு பேர் எண்ணிச் சரி என்றார்கள்.

அப்போது உள்ளே நாற்காலியில் இருந்தவள் தங்கபுஷ்பம். உப்பளத்தில் உப்பு வாரிச் சுமக்கிறவள். அவளுக்கு நிஜமாகவே பல்வலி. ஊரில் நிஜமான பல்வலி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்ததால், கன்னம் வீங்கிய அவளை, நல்ல பல்காரர்களின் வரிசைக்குப் பின்னால் மூன்று நாள் உட்காரவைத்திருந்தோம். பவளத்திடம் சொல்ல உனக்கு ஒன்றும் இல்லையா என்று பெஞ்சில் யாரோ கேட்டதற்கு, அப்பப்பச் சொல்லிப்போடுவேன், மிச்சம் வைக்க எங்க நேரம் என்றிருந்தாள். மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. டாக்டர் குறட்டோடு குனிந்தார். ஜெபக்கனி ஓடி வந்து பக்கத்தில் நின்றபோதுதான் ஊதாப் பொட்டு வைக்கவில்லை என்று அவளுக்கு நினைவு வந்தது. பொட்டு வைத்தே மாதக்கணக்காகிவிட்டது.

குறடு ஒரு நல்ல பல்லின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து முன்னறையில் வெள்ளை எலும்பின் மொட்டு இரண்டு தரம் செருமியது, பிறகு ஜெபக்கனியின் குரலில், உள்ளே வரைக்கும் கேட்கும்படி, "டாக்டர், அது இல்ல டாக்டர். அதுக்கு அடுத்தது. உங்களுக்குக் கண்ணு தெரியமாட்டேங்கு" என்றது.

பிறகு முன்னறையில் மெம்பர்தான் முதலில் பவளம்தானே என்றார், நாங்கள் எல்லோரும் பவளம்தானே என்றோம், ஜன்னல் பக்கம் பார்த்தோம். உள்ளே டாக்டர் சிரித்தார். அது நல்ல சிரிப்புத்தான்.

"பவளம் சொன்னா கணக்கில்ல சிஸ்டர், நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத" என்று சொல்லிவிட்டு, தங்கபுஷ்பத்தை வாயை நன்றாகத் திறக்கச் சொன்னார்.

ஜெபக்கனி இரண்டு வருஷம் பயந்தது நடந்துவிட்டது, நடந்து முடிந்து, ஒன்றுமே ஆகவில்லை. அவள் வேலை இருந்தது, அவர் மரியாதை இருந்தது, குறடு அதே நல்ல பல்லின் மேல் இருந்தது. தன் குரலை ஊரே கேட்டும் ஒருவரும் கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு ஆத்திரமாக வந்தது, எங்கள் மேல் இல்லை, தன் மேல். அவள் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர், இப்ப பவளம் சொல்லல. நான் சொல்லுதேன். அது நல்ல பல்லு. உங்களுக்குக் கண்ணு தெரியல."

எட்டு மாதமாக எங்கள் ஊரில் ஒருவர் வாயால் ஒருவரிடம் யாரும் இப்படி ஒன்றைச் சொல்லிக் கேட்டதில்லை. பவளம்தானே என்று சொல்ல வாய் வந்தது, சொல்ல முடியவில்லை. டாக்டர் குறட்டைத் தட்டில் வைத்தார், தட்டின் விளிம்பில் பட்டு அது கீழே விழுந்தது.

"அந்தச் செவப்பு?" என்று கேட்டார்.

"அது வெளுத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு டாக்டர்."

"நீ செவப்புன்னுதான சொன்ன."

"பொய் சொன்னேன்."

கண் நரம்பு வாடிவிட்டது என்று மதுரையில் போய்ப் பார்த்ததில் அவருக்கே தெரியும் என்பதையும், தான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் டாக்டர் அங்கேயே, எங்கள் முன்னால், சாதாரணமாகச் சொன்னார். ஏன் முட்டாளாக்கினாய் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதானே பொய் சொன்னோம் என்றார். அதற்குள் தங்கபுஷ்பம், பாதி மரத்த வாயால், யாராவது ஒருத்தர் பிடுங்குங்கள், எனக்கு உப்பளத்துக்குப் போக வேண்டும் என்றாள். ஜெபக்கனி டாக்டரின் விரலைப் பிடித்துச் சொத்தைப் பல்லின் மேல் கொண்டுபோய் வைத்தாள். விரல் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது. ஒரே இழுப்பு, வலி தெரியாமல், வேர் முறியாமல் பல் வந்தது. முப்பது வருஷத்தில் அவர் பிடுங்கிய கடைசிப் பல் அது.

ஊர் ஜெபக்கனியைத்தான் திட்டியது. ஒரு பெரிய மனுஷரிடம் இப்படியா முகத்துக்கு நேராகச் சொல்வது, அதற்குத்தானே பவளம் இருக்கிறது என்றார்கள். அறுபது குமிழில் தண்ணீர் புளித்து, அவள் சொன்னது போலவே பேசும் கிளைகள் எல்லாம் இரண்டே வாரத்தில் தோல் உரிந்து விழுந்தன, அதற்கும் அவளையே சொன்னோம். எங்களில் ஓரிருவர் அவளைப் பார்த்துவிட்டு வீட்டில் தங்கள் சொந்த வாயால் ஏதோ சொல்லிப் பார்த்தோம். சந்தனமாரி டீச்சர் தப்பித்துக்கொண்டார், இப்போது அவர் மாமியார்தான் உப்புப் பார்க்கிறார். பேங்க் கிளார்க் ஹோட்டலில் சாப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரிக்கு இப்போது வாரத்தில் நாலு நாள் ஒரு புது டாக்டரம்மா வருகிறார், ஊதாப் பொட்டு இல்லாமல் பிடுங்குகிறார். துறைமுகத்திலிருந்து கல் வந்துவிட்டது. ஆனாலும் ஜெபக்கனி அன்றைக்குக் கழுவிக் காயவைத்த தங்கபுஷ்பத்தின் பல்லை மட்டும் கல்லோடு கல்லாகக் குழாயில் போட்டு, குமிழை முப்பதுக்குக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பல்லிலிருந்து, நடுவில் நின்ற வெள்ளை எலும்பின் மேல் வெள்ளையாகவே ஒரு கிளை வந்தது. அது செருமவில்லை, பேசவில்லை, பேச அதற்குள் மிச்சம் ஒன்றும் இல்லை. நாங்கள் ஒரு வாரம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, சப்பென்று இருக்கிறது என்று எழுந்து போனோம்.

டாக்டர் இன்னமும் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டியின் முன்னால் உட்காருகிறார். என்ன நிறம் ஜெபா என்று தினமும் கேட்பார். வெள்ளைதான் டாக்டர் என்பாள் அவள். மறுநாளும் வெள்ளை, அதற்கு மறுநாளும் வெள்ளை. ஒரு சாயங்காலம்கூட அவள் இரக்கப்படவில்லை. ஏழு மாதம் வெள்ளை வெள்ளை என்றே சொல்லிக்கொண்டு வந்தவள், தை மாதத்து ஒரு நாளில், அவர் கேட்டதும் உடனே பதில் சொல்லாமல், தொட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செவப்பு, டாக்டர்" என்றாள்.

அவர் திரும்பக் கேட்கவில்லை.